நாக்கை நம்ப முடியாத கோடை

காலையில் எழும்பியதும் பல் விளக்குவதற்கு முன்னால் கிணற்றடிக்குப் போவேன். வாளியை மெல்ல இறக்கி, மேல் தண்ணீரை மட்டும் அள்ளி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்திருப்பேன். உடனே விழுங்க மாட்டேன். நாக்கு நுனியிலும் கன்னத்துப் பக்கத்திலும் உருட்டி உருட்டிப் பார்ப்பேன். உப்பு ஏறிவிட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தக் கோடையில் என் நாள் இப்படித்தான் தொடங்கியது. ஒரு நாளும் நிம்மதியான பதில் கிடைக்கவில்லை.

நாங்கள் இருப்பது திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, சல்லியில். வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். காணி முழுக்க மணல். இந்த மணலுக்குள் கிணறு வெட்டினால் வருவது மழைத் தண்ணீர்தான். அது கடல் தண்ணீருக்கு மேல், காய்ச்சிய பாலில் ஆடை படிந்த மாதிரி மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கிறது. மெல்ல அள்ளினால் ஆடை வரும். மோட்டரைப் போட்டு அவசரமாக இழுத்தால் கீழேயிருந்து கடல் ஏறிவிடும். ஒரு தரம் ஏறினால் எத்தனை மாரிக்குப் பிறகு இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதை யாரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் என் கணவரின் அக்கா இருக்கிறார். நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார். சில வருடங்களுக்கு முன் ஒரு கடும் வெயில் காலத்தில் அவருடைய கிணற்றில் தண்ணீர் வற்றியது. வயல் பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்வதுபோல இவரும் ஆளைப் பிடித்து இன்னும் ஆழமாகத் தோண்டினார். தண்ணீர் வந்தது, நிறைய வந்தது. ஒரு மாதத்துக்குள் அது கடல் தண்ணீராகிவிட்டது. முற்றத்தில் நின்ற எலுமிச்சை பட்டுப்போனது. அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் எங்கள் கிணற்றில்தான் அள்ளுகிறார். கருவாடு கழுவ மட்டும் அவருடைய கிணறு.

என் கணவர் அப்போது வளைகுடா நாடொன்றில், பாலைவனத்துக்கு நடுவே இருந்த ஒரு மரக்கறிப் பண்ணையில் குழாய் பொருத்தும் வேலையில் இருந்தார். அந்தக் கோடை முடியும்போது அவருடைய ஒப்பந்தமும் முடிய இருந்தது. இன்னும் இரண்டு வருடம் நிற்பதா, ஒரேயடியாக ஊருக்கு வருவதா என்று முடிவெடுக்க வேண்டும். வருவதென்றால் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் காணியில் மிளகாயும் கத்தரியும் போட்டுத்தான் பிழைக்க வேண்டும். என் தையல் மெஷினை மட்டும் நம்பி இரண்டு பேர் இருக்க ஏலாது.

"தோட்டம் செய்தும் கிணறு ஒரு கோடைக்குத் தாங்குதா எண்டு பாத்துச் சொல்லும்," என்று அவர் போனில் சொல்லியிருந்தார். "தாங்கினா நான் சைன் வைக்காமல் வாறன்."

சொல்வதற்கு லேசாகச் சொல்லிவிட்டார். தாங்கவில்லை என்றால் அவர் வராதது மட்டுமா? குடிக்கிற தண்ணீரும் போய்விடும். எனக்கும் போய்விடும், மச்சாளுக்கும் போய்விடும். பரிசோதனை செய்து பார்க்க எனக்கு இன்னொரு கிணறு இல்லை.

அவர் வேலை செய்த பண்ணையில் தண்ணீரைத் தங்கம் மாதிரிப் பார்ப்பார்களாம். அங்கே இருந்த பொறியியலாளர்கள் ஒரு பாத்தியில் புதிதாக ஏதோ செய்து பார்த்தார்கள். அதை அவர் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

"இஞ்சேரும், இதைப் பாரும். இந்தப் பக்கத்துப் பாலைவனங்களில ஒரு செடி இருக்காம். அதின்ர இலை மடிப்பு மடிப்பா, மலையும் பள்ளமும் மாதிரி. அதில விழுற தண்ணி ஒரு சொட்டும் வெளியால போகாதாம், எல்லாம் தன்ர வேருக்குத்தானாம். அதைப் பாத்துத்தான் இவங்கள் இந்தத் தகட்டைச் செய்திருக்கிறாங்கள். இரவில விழுற பனி கன்றுக்கு வருது."

வீடியோவில் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு மடிப்புத் தகடு விரிந்திருந்தது. விடிகாலை. மடிப்புகளின் வழியே துளிகள் உருண்டு நடுவில் இருந்த ஓட்டைக்குள் போயின. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மடிப்பு என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். பள்ளிக்கூடப் பாவாடைக்கு மடிப்புப் பிடித்தே வாழ்க்கையில் பாதி போனவள் நான். அன்றைக்கே லொறிக்கு மூடுகிற பழைய படங்கு ஒன்றை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

படங்கில் ஊசி இறங்குவது சுலபமில்லை. ஊசி முறிந்தது, விரல் கிழிந்தது. ஆனாலும் இலை மாதிரியே தைத்தேன். நடுவில் ஓட்டை, சுற்றிலும் கீழ்நோக்கிச் சரிந்த மடிப்புகள். பின் காணியில் நட்டிருந்த மிளகாய்க் கன்றுகளைச் சுற்றி விரித்துக் கல் வைத்தபோது, பண்ணை முதலாளி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சாள், மிளகாய்க்குப் பாவாடை தைச்சுப் போட்டிருக்கிறியளோ?"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. நாளைக்கு விடிய வந்து பாருங்கோ."

விடிய வந்து பார்த்தார். நானும் பார்த்தேன். படங்கு காய்ந்த அப்பளம் மாதிரிக் கிடந்தது. மாரி முடிந்த கையோடு செய்திருந்தால் கொஞ்சம் பனியாவது விழுந்திருக்கும். நான் செய்தது கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகு. அது தரைப் பக்கமிருந்து வருகிற காற்று. இரவிலும் சூடு ஆறாது. உலர்த்திய உடுப்பை எடுக்க மறந்தால் விடியும்போது விறைத்துப்போய் நிற்கும். அந்தக் காற்றில் பனியைத் தேடினேன் பாருங்கள். அடுத்த நாள் மத்தியானம் காற்று படங்குக்குக் கீழே புகுந்து இரண்டை உயரத் தூக்கியது. அவை விழும்போது பக்கத்தில் நின்ற கன்றுகளையும் முறித்துக்கொண்டுதான் விழுந்தன. மீதியையெல்லாம் நானே பிடுங்கி எறிந்தேன். வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறும் சமைக்கவில்லை.

ஆத்திரம் ஆறியதும் பயம் வந்தது. மிச்சக் கன்றுகளுக்குத் தண்ணீர் வேண்டும். வாளியால் அள்ளி ஊற்றினால் மணல் அப்படியே குடித்துவிடுகிறது. ஊற்றிய இடத்தில் விரலை விட்டுப் பார்த்தால் சற்று நேரத்தில் ஈரமே இல்லை. செடிக்குப் போவது கொஞ்சம், கீழே போவதும் காற்றோடு போவதும்தான் அதிகம். அள்ள அள்ளக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் நாக்கில் வைத்துப் பார்ப்பதைத் தொடங்கியது அந்தக் கிழமைதான்.

பிறகு ஒரு நாள் காலை, மச்சாள் கருவாடு காயவிடும் இடத்துக்கு அவரோடு போனேன். காற்று மணலை அள்ளிக் காலில் அறைந்தது. நான் தலைகுனிந்தபடி நடந்துகொண்டிருந்தபோது ஏதோ காலைத் தடக்கியது. அடம்பன் கொடி. பிறந்ததிலிருந்து பார்க்கிற கொடிதான். ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த இலை, ஊதாப் பூ. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் எரிச்சலோடு அதைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் எழும்பி, அங்கே நின்றுவிட்டது. இன்னும் இழுத்தேன். இன்னொரு முழம் வந்து மறுபடியும் நின்றது. ஒவ்வொரு கணுவிலும் அது மணலுக்குள் வேரை இறக்கிப் பிடித்திருந்தது. இலையை விலக்கி அடியில் கை வைத்தேன். மணல் கறுத்து, குளிர்ந்திருந்தது. ஒரு சாண் தள்ளி வெறும் மணலில் கை வைத்தேன். சுட்டது.

அதே மணல், அதே காற்று, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. என் மிளகாய் வாடுகிறது, இது பூத்துக்கொண்டு கிடக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்திலேயே இருந்துகொண்டு அவருக்கு வீடியோ அழைப்பு எடுத்து, கொடியையும் வேரையும் கறுத்த மணலையும் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றார். "இவங்கள் இந்த மண்ணில நிக்கிற செடியைப் பாத்து இந்த மண்ணுக்குச் செய்தவங்கள். நாங்கள் அந்த மண்ணில நிக்கிற செடியையெல்லோ பாத்திருக்க வேணும்."

"இப்ப பாத்தாச்சுத்தானே. சொல்லுங்கோ, என்ன செய்யிறது?"

"குழாயைக் கொடி எண்டு நினையும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு கணு. அந்தக் கணுவில ஒரு வேர். தண்ணி ஓடக் கூடாது, கசிய வேணும். மேல இலை மாதிரி மூட வேணும்."

வேருக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, துணி தண்ணீரை இழுக்கும். மேட்டில் ஒரு பீப்பாயை வைத்தேன். அதிலிருந்து மெல்லிய கறுப்புக் குழாயைப் பாத்தி நீளத்துக்கு இழுத்து, ஒவ்வொரு செடியடியிலும் சிறு துளை போட்டேன். துளைக்குள் துணிப் பட்டியை இறுக்கி முடிந்து, அதன் வாலை ஒரு சாண் ஆழத்துக்கு மணலுக்குள் புதைத்தேன். மேலே தென்னோலைக் கிடுகை இரண்டாக மடித்து, அடம்பன் இலை மாதிரிக் கவிழ்த்தேன். காற்று வரும் பக்கம் மணலோடு மணலாக அழுத்திப் புதைத்ததால் காற்றுக்குப் புகுந்துகொள்ள இடமில்லை. இரண்டு நாளாக முதுகு நிமிரவில்லை.

மூன்றாம் நாள் பார்த்தால் மிளகாய் முழுக்கத் தலை தொங்கிக் கிடந்தது.

பீப்பாய் குறையவே இல்லை. ஒரு துணிப் பட்டியை இழுத்தெடுத்துப் பிடித்துப் பார்த்தேன். மேல் முனை ஈரம், வால் காய்ந்து கிடந்தது. நான் எடுத்தது பள்ளிக்கூடச் சீருடை தைத்து மிஞ்சிய துண்டுகள். அந்தத் துணி சாயமும் போகாது, தண்ணீரும் குடிக்காது. பிள்ளைகள் வியர்வையோடு வந்து, "அன்ரி, இது ஒட்டுது," என்று முறைப்பாடு செய்கிற அதே துணி. துணியோடு பிழைக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மூட்டையில் சும்மா கிடந்தது, வீணாகப் போகாமல் பாவிப்போம் என்று நினைத்தேன். தையல்காரியின் கஞ்சத்தனம்.

வாடி நின்ற செடிகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நிலையில்தான் நான் கிணற்று மோட்டரடிக்குப் போனேன். பத்து நிமிடம் போட்டால் செடி பிழைக்கும். பத்து நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை சுவிச்சில் இருந்தது.

"போடாதேங்கோ மச்சாள்."

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் நின்றுகொண்டிருந்தார். வழமையான சிரிப்பு முகத்தில் இல்லை.

"நானும் கொஞ்சத்துக்கு எண்டுதான் தோண்டினனான். செடி செத்தா இன்னொரு செடி வைக்கலாம். இது போனா நாங்கள் ரெண்டு பேரும் எங்க போறது?"

நான் கையை எடுத்தேன். இரண்டு பேரும் இருட்டும்வரை வாளியால் அள்ளி, கன்று கன்றாகக் கோப்பையால் வேரடியில் ஊற்றினோம். பாதிக்கு மேல் பிழைத்தன. அந்த இரண்டு மூன்று மணித்தியாலம்போல நான் யாரோடும் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலை அலுமாரியைத் திறந்து, என் கணவர் வீட்டில் உடுக்கும் பழைய சாரங்களை எடுத்தேன். எல்லாம் நல்ல பருத்தி, தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆனவை. வெட்டுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் தயங்கவில்லை. அன்று பின்னேரமே துணிப் பட்டிகளை மாற்றி முடித்தேன். அடுத்த நாள் கிடுகைத் தூக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஒரு சோற்றுக் கோப்பை அளவுக்கு மணல் கறுத்திருந்தது. அதற்கு வெளியே ஒரு சொட்டு இல்லை.

செய்தியை அவருக்குச் சொன்னேன்.

"என்ர சாரத்தையோ வெட்டினனீர்? நான் வந்தா என்னத்தை உடுக்கிறது?"

"முதல்ல வாங்கோ. பிறகு பாப்பம்."

சிரித்தார். சிரித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "தண்ணி எப்பிடி?"

செடி நன்றாகத்தான் வந்தது. முன்பு ஒரு நேரத்துக்கு ஊற்றிய தண்ணீர் இப்போது நாலைந்து நேரத்துக்குக் கண்டது. மோட்டரைத் தொடவேயில்லை. வாளியால் மேல் தண்ணீரை மட்டும் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் அள்ளிப் பீப்பாயில் ஊற்றினேன். இதையெல்லாம் சொன்னேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நல்லாத்தான் இருக்குது போல," என்றேன்.

"போலயோ?"

அங்கேதான் என் பிரச்சினை. கிணறு ஒரே நாளில் உப்பாவதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு துளி ஏறும். ஒவ்வொரு நாளும் குடிக்கிற நாக்கு அந்தத் துளியையும் பழகிவிடும். மச்சாளே சொல்லியிருக்கிறார், அவருடைய கிணறு உவர்த்ததை அவர் கண்டுபிடிக்கவில்லை. பட்டினத்திலிருந்து வந்த சொந்தக்காரர் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்த பிறகுதான் தெரிந்ததாம். அதுவரை, "நல்ல தண்ணி," என்று குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் அப்படித்தான் குடித்துக்கொண்டிருக்கிறேனோ? கறியில் உப்புக் கொஞ்சம் கூடினால்கூடக் கிணற்று ஞாபகம் வந்தது. ஒரு நாள் பருப்பு அவிய நேரமெடுத்தது. உப்புத் தண்ணீரில் பருப்பு அவியாது என்பார்கள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு குசினிக்குள்ளேயே நின்றேன். பழைய பருப்பாக இருக்கும் என்று மச்சாள் சொன்னார். கடையில் போய்ப் புதுப் பருப்பு வாங்கி வந்து அவித்துப் பார்த்தேன். அவிந்தது. அது சீக்கிரம் அவிந்ததா, மெல்ல அவிந்ததா? அதையும் சொல்லத் தெரியவில்லை.

வேற்று நாக்கு ஒன்று வேண்டும் என்று தேடினேன். பேக்கரியிலிருந்து ஓட்டோவில் பாண் கொண்டு வருகிறவரை மறித்து ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்தேன். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "என்னக்கா, அமிர்தம்," என்றார். அந்த வெயிலில் அவருக்குக் கடலைக் கொடுத்திருந்தாலும் அமிர்தம் என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் பட்டினத்துத் தண்ணீர்ச் சபை அலுவலகத்துக்கும் போனேன். உப்பை அளந்து பார்க்கிற கருவி தம்பலகாமம் பக்கம் போயிருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று தெரியாது என்றார்கள். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கண்டக்டர் அதைப் பார்த்துக் கோயில் தீர்த்தமா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் கையெழுத்து வைக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அழைப்பிலும் ஊர்க்கதையெல்லாம் கதைத்துவிட்டுக் கடைசியில் அவர் தண்ணீரைக் கேட்பார், நான் மிளகாயைப் பற்றிச் சொல்வேன். பொய்யாக, "நல்ல தண்ணி, வாங்கோ," என்று சொல்லிவிட ஒரு நிமிடம் போதும். வந்த பிறகு கிணறு உப்பானால் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? பயத்தில், "நில்லுங்கோ," என்று சொல்லிவிட்டால், இன்னும் இரண்டு வருடம்.

அந்தக் கிழமையில்தான் யாத்திரைக்காரர் வந்தார்கள். வடக்கேயிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் வருடா வருடம் எங்கள் ஊரால்தான் போவார்கள். கோவிலில் தங்குவார்கள். வீட்டு வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்போம். மச்சாளுக்கு அது நேர்த்திக்கடன். ஒவ்வொரு வருடமும் ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பார். அவருடைய கிணறு உவர்த்த பிறகு சமையலும் பந்தியும் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது. அந்த வருடமும் விடியவே வந்து அடுப்பு மூட்டினார். எங்கள் கிணற்றில் அள்ளி அரிசி கழுவினார், பருப்புப் போட்டார்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். இத்தனை பேர் குடித்து, கை கால் முகம் கழுவினால் கிணறு என்னவாகும் என்பது ஒன்று. வேண்டாம் என்று சொல்ல யாராலும் ஏலாது. நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்ன வீடு எங்கள் ஊரில் கிடையாது. மற்றது, இவர்கள் எல்லோரும் வேற்று நாக்கு. ஊர் ஊராகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வருகிற நாக்கு. இன்றைக்குத் தெரிந்துவிடும்.

தெரியவில்லை. விரதத்தில் நடக்கிறவர்கள் கொடுத்த சோற்றையும் தண்ணீரையும் குறை சொல்லமாட்டார்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவர் செம்பிலும் ஊற்றிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். குடித்தார்கள், கும்பிட்டார்கள், அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். என்னைவிடக் கொஞ்சம் இளைய பெண் ஒருத்தி, குதிக்காலில் துணி சுற்றியிருந்தாள். அவளிடம் வாய்விட்டே கேட்டேன்.

"தண்ணி எப்பிடித் தங்கச்சி?"

"முருகன் தந்த தண்ணி, அக்கா. அதில என்ன குறை?"

குறை இல்லை என்கிறாளா, குறை இருக்கிறது சொல்லமாட்டேன் என்கிறாளா? எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பேசாமல் போய் அப்பளம் பரிமாறினேன்.

சாப்பிட்டு முடிந்து, வேப்பமர நிழலில் கொஞ்சம் படுத்தெழும்பி, வெயில் சாய்ந்ததும் புறப்படத் தொடங்கினார்கள். பொட்டலங்களைத் தூக்கினார்கள். ஒவ்வொருவரும் தோளில் ஒரு சிறு பிளாஸ்டிக் கான் தொங்கவிட்டிருந்தார்கள். வழிக்குத் தண்ணீர். வரும்போதே அதில் பாதி, முக்கால் என்று தண்ணீர் இருந்தது, முந்திய ஊரில் பிடித்தது. வேலிப் படலையை நோக்கி நடந்தார்கள். ஒருவரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை.

அவ்வளவுதான், விளங்கிவிட்டது என்று நினைத்தேன். குடிக்கத் தந்ததை மரியாதைக்குக் குடித்தார்கள். வழிக்குக் கொண்டு போகிற அளவுக்கு அது தண்ணீர் இல்லை. மச்சாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு எச்சில் இலைகளைப் பொறுக்கினார்.

குதிக்காலில் துணி சுற்றிய பெண் கடைசியாக நொண்டிக்கொண்டு போனாள். படலையடியில் நின்றாள். கானைத் தோளிலிருந்து கழற்றி, ஆட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள். கிணற்றடியில் நின்று மூடியைத் திருகி, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதையும் கிணற்றுக் கட்டின் அடியில் ஊற்றினாள். கழுவத்தான் ஊற்றுகிறாள் என்று நினைத்தேன். கழுவவில்லை. வாளியால் அள்ளிக் கழுத்துவரைக்கும் நிரப்பினாள். நிரப்பிவிட்டு, இன்னொரு வாய் கையில் அள்ளிக் குடித்தாள். மூடியைத் திருகிக்கொண்டே, போனவர்களைக் கூப்பிட்டாள்.

"நில்லுங்கோ, இஞ்ச மாத்திக்கொண்டு போங்கோ."

நாலைந்து பேர் திரும்பி வந்தார்கள். ஊற்றினார்கள், பிடித்தார்கள். வாளி கிணற்றுக்குள் விழுந்து விழுந்து எழும்பியது. வேறு நாளென்றால் ஒவ்வொரு வாளிக்கும் என் உயிர் போய் வந்திருக்கும். "பிடியுங்கோ, பிடியுங்கோ," என்று நானே கயிற்றை இழுத்துக் கொடுத்தேன்.

அவர்கள் வீதியில் ஏறியதும் அவருக்கு அழைப்பு எடுத்தேன். அந்த நேரத்தில் அவர் வேலையில் இருப்பார், எடுக்கமாட்டார் என்று தெரியும். எடுத்தார்.

"என்ன? என்ன நடந்தது?"

"யாத்திரைக்காரர் வந்து போயிட்டினம்."

"ஓம்?"

"ஒருத்தி எங்கட கிணத்தில கான் நிரப்பிக்கொண்டு போறா."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைவிட்டுத் தள்ளி நடப்பது கேட்டது.

"வெறும் கானோ, தண்ணி கிடந்த கானோ?"

"தண்ணி கிடந்தது. ஊத்திப்போட்டு நிரப்பினவ."

"உம்மட கண்ணால பாத்தனீரோ?"

"என்ர கண்ணால பாத்தனான்."

மாரிக்கு இன்னும் நாள் கிடக்கிறது, நாளைக்கு என்னவாகுமோ, அடுத்த கோடை எப்படியோ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அப்ப நான் சைன் வைக்கேல்லை," என்றார்.

போனை வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எத்தனை மாதத்து அழுகையோ தெரியாது, நிறுத்த முடியவில்லை. சத்தம் கேட்டு மச்சாள் இலைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருடைய முகம் வெளுத்திருந்தது.

"என்ன மச்சாள்? உப்பாப் போச்சோ?"

"இல்லை மச்சாள். உங்கட தம்பி வாறாராம்."